சிவப்பு முக்கோணம் என்ன சொல்கிறது?

வங்கித் தளத்தைத் திறக்கப் போனால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் சிவப்பு முக்கோணம் காட்டுகிறது. பலர் உடனே அதைத் தாண்டிப் போகும் பொத்தானைத் தேடுகிறார்கள். கோளாறு யார் பக்கம் என்பதற்கான தடயமும் அந்தத் திரையிலேயே இருக்கிறது. பிழை தேதியைப் பற்றியது என்றால் முதலில் நம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பிரவுசர் அவற்றை நம் கம்ப்யூட்டரின் தேதியோடுதான் ஒப்பிடுகிறது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டரில் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அதன் கணக்கில் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறந்திருக்காது. தேதி சரியாக இருந்தும் பல தளங்கள் திறக்காவிட்டால், கருவியின் மென்பொருளுக்கு வயதாகிவிட்டதா என்று பார்க்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு வழங்கும் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் செய்யாத பழைய ஐபோன்களிலும் மேக்குகளிலும் ஒழுங்கான தளங்களே திறக்கவில்லை. ஒரே ஒரு தளம் மட்டும், வேறு போனிலும் வேறு இணைப்பிலும் முரண்டு பிடித்தால், தவறு பெரும்பாலும் தளத்துக்காரர்களுடையது. குறிப்பிட்ட ஒரு வைஃபையில் மட்டும் பிழை வந்தால் அந்த வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும்.

'புதுப்பிக்க மறந்திருப்பார்கள், தாண்டினால் என்ன?' என்று கேட்கலாம். பல சமயம் உண்மையும் அதுதான். வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கம் எச்சரிக்கை காட்டினால் நானும் அலட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் மறதிக்கும் மோசடிக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே முகம். 2011இல் நெதர்லாந்தின் சான்றிதழ் வழங்கும் நிறுவனமான டிஜிநோட்டாருக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கினார்கள். ஈரானியர்களின் ஜிமெயிலை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. குரோம் காட்டிய எச்சரிக்கையை ஈரானியப் பயனர் ஒருவர் ஒதுக்கித் தள்ளாமல் விசாரித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது. நம் நாடும் விலக்கல்ல: 2014இல் தேசிய தகவல் மையத்தின் வழியே கூகுள் தளங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாயின.

பயனர் மீதே முழுப் பொறுப்பையும் சுமத்துவது நியாயமா என்றால், இல்லை. காலாவதியான சான்றிதழோடு மாதக்கணக்கில் கிடக்கும் தளங்கள்தாம் எச்சரிக்கையை அலட்சியம் செய்ய மக்களைப் பழக்குகின்றன. 2029 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழ் அதிகபட்சம் 47 நாள்தான் செல்லும். கையால் புதுப்பிக்கும் தளங்கள் அப்போது திணறும். அவற்றை நடத்துபவர்கள் இப்போதே தானியங்கி முறைக்கு மாறட்டும். பாஸ்வேர்டோ பணமோ கேட்கும் தளத்தில் எச்சரிக்கை வந்தால், நீங்கள் தாண்டாதீர்கள்.