ஓர்க்கிட் கள்ளி: வீட்டில் வளர்த்து மகிழ்வோம்

மலரின் ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனிப் பெயர் சூட்டி மகிழ்ந்தவர் தமிழர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்னும் ஏழு சொற்களையும் நம் மாணவர்கள் வகுப்பில் ஒப்புவிக்கின்றனர். ஆயினும், பூக்களைக் கடையிற் கட்டாக வாங்கும் நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு, ஒரே பூ இவ்வேழு நிலைகளையும் கடந்து செல்வதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுகின்றது. அவ்வாய்ப்பை வீட்டு யன்னலோரத்திலேயே தரவல்ல செடி ஒன்று உண்டு. அதுவே ஓர்க்கிட் கள்ளி. அதன் இயல்பையும் அதனை வளர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் உறவும்

பெயரில் ஓர்க்கிட் இருப்பினும் இச்செடி ஓர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பூவின் பேரழகை நோக்கி இடப்பட்ட பெயரே அது. நாம் தொன்றுதொட்டுக் கள்ளி என வழங்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றோடும் இதற்கு உறவில்லை. அவை ஒடித்தாற் பால் சுரப்பவை, வேறு குடும்பத்தவை. ஓர்க்கிட் கள்ளியோ 'கக்டஸ்' எனப்படும் அமெரிக்கக் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்களிற் காணும் சப்பாத்துக்கள்ளியும் அக்குடும்பத்ததே. இன்று கடைகளில் விற்கப்படும் டிராகன் பழத்தின் கொடி இதற்கு மிக நெருங்கிய உறவு.

இதன் இனத்திற்கு 'எபிஃபில்லம்' என்னும் தாவரவியற் பெயரை 1812ஆம் ஆண்டில் இட்டவர் ஆங்கிலேயரான ஏட்ரியன் ஹாவர்த் ஆவார். 'இலையின்மேல்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பூக்கள் இலையின் ஓரத்திலிருந்து தோன்றுவதுபோற் காணப்படுவதால் அப்பெயர் அமைந்தது. உண்மையில் நாம் இலை என எண்ணுவது தட்டையான தண்டேயாகும். இலை செய்ய வேண்டிய ஒளித்தொகுப்பை இப்பசுந்தண்டே செய்கின்றது. அதன் ஓரங்களில் உள்ள பள்ளங்களிலிருந்தே அரும்பு தோன்றும்.

இவ்வினத்துள் நம்மவர் நன்கறிந்தது, இரவில் வெண்ணிறமாய்ப் பூக்கும் நிஷாகந்தியாகும். சிங்களத்தில் 'கடுபுல்' என்பர். யப்பானியர் 'நிலவின் கீழ் அழகி' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். தமிழகத்திற் பலர் இதனைப் 'பிரம்ம கமலம்' என்பர். ஆனால் உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களில் வளர்வது; சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது; உத்தரகாண்ட் மாநிலத்தின் மலர். இரண்டும் வெவ்வேறு செடிகள் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பகலிற் பூக்கும் வகைகளும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியத் தோட்டக் கலைஞர் உறவுக் கள்ளிகள் பலவற்றை ஒன்றோடொன்று கலந்து சிவப்பு, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் எனப் பல நிறப் பூக்களைத் தோற்றுவித்தனர். 1940இல் அமெரிக்காவில் இச்செடிகளுக்கெனவே ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. இன்று பெயர் பெற்ற கலப்பு வகைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எனினும் நீலநிறப் பூ மட்டும் எவருக்கும் கைகூடவில்லை.

பிறந்த இடம் கற்பிக்கும் பாடம்

கள்ளி என்றதும் பாலைவனமும் கொளுத்தும் வெயிலும் நம் நினைவில் எழும். ஓர்க்கிட் கள்ளியோ காட்டுச் செடி. தென் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள காடுகளில், மரக்கிளைகளின் கவட்டில் தேங்கிய சருகு மக்கில் வேரூன்றி வாழ்வது. மரத்தைப் பற்றி நிற்பினும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. ஆகவே இது ஒட்டுண்ணியன்று. தொற்றித் தங்கும் தாவரமேயாகும்.

இப்பிறப்பிடத்தை மனக்கண்முன் நிறுத்தினால் வளர்ப்பு முறை முழுவதும் விளங்கும். மரக்கிளையில் மண் குறைவு. ஆகவே சிறிய சாடியே போதும். பெய்த மழை உடனே வடிந்துவிடும். ஆகவே வேரில் நீர் தேங்கலாகாது. இலைகளினூடே வடிந்த ஒளியே கிடைக்கும். ஆகவே கடும் வெயில் ஆகாது. ஆண்டில் ஒரு காலம் மழை குறைந்திருக்கும்; ஆகவே செடிக்கு ஓய்வுக்காலம் வேண்டும்.

வளர்க்கும் முறை

1. துண்டு நடுதல்: விதையிட வேண்டியதில்லை. வளர்ந்த செடியிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளமுள்ள தண்டை வெட்டி, நிழலில் ஒரு வாரம் அல்லது பத்து நாள் வைத்து, வெட்டுவாய் நன்கு உலர்ந்தபின் நடுக. உலராமல் நட்டால் அழுகிவிடும். நுனிப்பக்கம் மேலாக, 4 அல்லது 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட வேண்டும். சில வாரங்களில் வேர் பிடிக்கும்.

2. மண்: சாடிமண் ஒரு பங்கு, ஓர்க்கிட் செடிக்கு விற்கப்படும் மரப்பட்டைத் துண்டு ஒரு பங்கு, 'பேர்லைற்' என்னும் வெண்மணல் போன்ற பொருள் ஒரு பங்கு எனக் கலந்துகொள்க. சாடியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது.

3. ஒளி: காலை வெயில் சிறிது படும் கிழக்கு யன்னல் சிறந்தது. நண்பகல் வெயில் பட்டால் தண்டு மஞ்சளாகிக் கருகும். இருட்டில் வைத்தால் தண்டுகள் மெலிந்து நீளும், பூ வராது. கோடையில் வெளியே மர நிழலில் தொங்கவிடலாம்.

4. நீர்: மேல்மண் உலர்ந்தபின் நன்றாக ஊற்றி வடியவிடுக. தட்டில் தேங்கிய நீரை அகற்றுக. சுண்ணாம்பு மிகுந்த குழாய் நீரினும் மழைநீர் சாலச் சிறந்தது.

5. நோய்: வெள்ளைப் பஞ்சு போன்ற பூச்சி தோன்றினால், அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைத்துவிடுக. அடித்தண்டு அழுகினால் நல்ல பச்சைப் பகுதி வரை வெட்டியெடுத்து மீண்டும் நடலாம்.

ஆண்டுகள் சென்றும் பூக்காதது ஏன்?

நம்மவர் வீடுகளில் மிகுதியாகக் கேட்கும் குறை இதுவே. செடி செழித்து நிற்கும். பூ ஒன்றும் காணாது. 'இந்தக் குளிர் நாட்டில் இது பூக்காது' என்று மனம் சலித்து எறிந்துவிடுவோரும் உளர். குற்றம் நாட்டின் குளிரில் இல்லை. குளிர்காலம் முழுவதும் சூடேற்றிய வரவேற்பறையில் செடியை வைத்து நீரும் ஊற்றிக்கொண்டிருந்தால் அதற்கு ஓய்வே இல்லாது போகின்றது. கார்த்திகை முதல் மாசி வரை, ஒளி உள்ள குளிர்ந்த அறையில், ஏறத்தாழ 10 முதல் 14 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்து, தண்டு சுருங்காத அளவுக்கு மட்டும் நீர் விடுக. உறைபனி மட்டும் படலாகாது. பட்டால் செடி மடியும். தென்கோளத்து அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் வாழ்வோர் தங்கள் குளிர்காலத்திற்கேற்ப மாதங்களை மாற்றிக்கொள்க.

வேறு காரணங்களும் உண்டு. பெரிய சாடியில் செடி வேரையும் தண்டையுமே வளர்க்கும். வேர் நெருங்கிய சிறு சாடியிலேயே பூக்கும். நைதரசன் மிகுந்த பசளை தண்டை மட்டும் பெருக்கும். ஓய்வு முடியும் வேளையில் தக்காளிச் செடிக்கு இடும் பசளையைச் சிறிதளவு இடுவது நன்று. அரும்பு கண்டபின் சாடியைத் திருப்புவதும் இடம் மாற்றுவதும் அரும்பு உதிரக் காரணமாகும். நட்ட துண்டு பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ செல்லும், பொறுமை வேண்டும்.

மலரும் இரவு

நிஷாகந்தி கோடையிற் பூப்பது. தண்டின் ஓரப் பள்ளத்தில் சிறு செம்புள்ளி தோன்றுவது அரும்பு. அது நாள்தோறும் நீண்டு, காம்புபோன்ற குழலின் நுனியில் தொங்குவது மொட்டு. சில வாரங்களின் பின் ஒரு நாள், தொங்கிய கழுத்து அன்னத்தின் கழுத்தைப் போல மேல்நோக்கி வளைந்து, மொட்டுப் பருத்து, புறவிதழ்கள் நெகிழத் தொடங்கும். அதுவே முகை. அன்றிரவு உறங்கலாகாது! இருள் சூழ்ந்தபின் இதழ்கள் மெல்ல விரிய, மணம் அறையை நிறைக்கும், அது மலர். நள்ளிரவை அண்டி, விரித்த கையினும் அகலமாக முற்றும் விரிந்து நிற்பது அலர். அதன் நடுவே எண்ணற்ற மகரந்தத் தாள்களும் விண்மீன் போன்ற சூல்முடியும் விளங்கும். இருளில் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காகவே அவ்வெண்மையும் மணமும். விடியலில் தலைசாய்ந்து வாடியிருப்பது வீ. அடுத்து வரும் நாட்களில் வதங்கிச் சுருங்கித் தொங்குவது செம்மல்.

பெற்றோரே, அவ்வோர் இரவு மட்டும் பிள்ளைகளை விழித்திருக்க விடுங்கள். மாணவர்களே, மணிக்கொரு படம் எடுத்து, அதன்கீழ் அந்நிலைக்குரிய தமிழ்ப் பெயரை எழுதி வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். ஒப்புவித்த சொல் மறந்து போகலாம். விழித்திருந்து கண்ட சொல் மறவாது. இச்செடியைப் பெறப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வளர்த்திருப்பவர் எவரேனும் மகிழ்ந்து ஒரு துண்டு தருவர். நம் செடி வளர்ந்தபின் நாமும் இன்னொரு வீட்டிற்கு ஒரு துண்டு கொடுப்போம்.