தெருவின் அகலம் எத்தனை அடி?

தில்லிக்கு வந்து மூன்று மழைக்காலங்களைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது மழையின்போது நம் சங்கத்து முதலாண்டு மாணவர் ஒருவர், இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பும் வழியில், மூடியில்லாத குழி ஒன்றில் கால் வைத்து விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவ்விடத்தில் தெருவிளக்கு இல்லாமலில்லை. கம்பம் இருந்தது, கம்பத்தின் உச்சியில் விளக்கும் இருந்தது, பல வாரங்களாக வெளிச்சம் மட்டும் இல்லை. கையில் கட்டுடன் பருவத் தேர்வு எழுத முடியாமல் அந்தத் தம்பி அரையாண்டை இழந்தார்.

“அண்ணே, மேயருக்கு ஒரு மனு எழுதிவிடுங்கள்” என்றார் சங்கச் செயலாளர். எனக்கும் அது எளிய காரியமாகவே தோன்றியது. நம் ஊரில் தெருவிளக்கு எரியவில்லையென்றால் நகராட்சிக்குச் சொல்வார்கள், இங்கே மாநகராட்சி. வேற்றுமை என்ன இருக்கப் போகிறது? இப்படி எண்ணிக்கொண்டு, இந்தி தெரிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அண்மையிலிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கிப் பார்த்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அந்தச் சாலையின் அகலம் எத்தனை அடி?”

கேலி செய்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு நாள் கணக்கில் விசாரித்தபோதுதான் அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி என்பது விளங்கிற்று. ஆகவே, தில்லியில் படிக்கவரும் நம்மவர்களுக்கு இந்த நகரத்தின் தெருவை யார் யார் ஆளுகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

தலைநகர்ப் பிரதேசத்தின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். இதில் ஏறக்குறைய 1,397 சதுர கிலோமீட்டர் தில்லி மாநகராட்சியைச் சேர்ந்தது. நாடாளுமன்றமும் அமைச்சர் மாளிகைகளும் உள்ள புதுதில்லிப் பகுதி, சுமார் 43 சதுர கிலோமீட்டர், புதுதில்லி நகராட்சி மன்றத்தின் கீழ் வருகிறது. ஏறத்தாழ அதே அளவு நிலம் இராணுவக் குடியிருப்பு. அதற்குத் தனி வாரியம், அது பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்தது. மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்கள் 250 பேர் இருக்கிறார்கள். புதுதில்லி மன்றத்திலோ தேர்தலில் வென்ற கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. அதன் தலைவர் மத்திய சர்க்கார் நியமிக்கும் அதிகாரி; அப்பகுதியின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அங்கே அங்கத்தினர்களாக அமர்கிறார்கள். லோதி தோட்டத்தருகே சீராக இருக்கும் நடைபாதையைப் பார்த்துவிட்டு முனிர்க்காவின் சந்துக்குள் நுழைகிறவர்களுக்கு, ஒரே ஊரில் ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்வி எழும். எல்லைக்கோடு ஒன்றைத் தாண்டியிருக்கிறோம் என்பதே விடை.

நம் சென்னை மாநகராட்சி 1688-இல் பிறந்தது, இந்தியாவிலேயே மூத்தது. தில்லியில் நகராட்சி ஏற்பட்டது 1863-இல். முதல் விடுதலைப் போர் நடந்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சாந்தினி சவுக்கிலுள்ள நகர மண்டபத்தில் நெடுங்காலம் அது இயங்கியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958 ஏப்ரலில் மாநகராட்சி உருவாயிற்று. 1942-இல் பம்பாய்க் கோவாலியா மைதானத்தில் கொடியேற்றிய அருணா ஆசப் அலி அம்மையார் அந்த 1958-இல் மேயரானார். 2012-இல் மாநகராட்சியை வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிளந்தார்கள். கிழக்கும் வடக்கும் சம்பளம் கொடுக்கவே திண்டாடின. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, தெருவில் குப்பை குவிந்தது. 2022 மே மாதத்தில் மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கினார்கள்.

நிற்க. குமாஸ்தாவின் கேள்விக்கு வருவோம். தில்லியில் 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகள் மாநில சர்க்காரின் பொதுப்பணித் துறைக்கு உரியவை. அதற்குக் குறைந்த தெருக்கள் மாநகராட்சிக்கு உரியவை. எனவே அகலம் தெரியாமல் மனுவை எந்த மேசைக்கு அனுப்புவது? நானும் என் அறை நண்பரும் பக்கத்துத் தையற்காரரிடம் நாடாவை இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தெருவை அளந்தோம். பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். 41 அடி வந்தது. ஆகவே தெரு மாநகராட்சிக்கு உரியது.

ஆனால் விளக்கு? தெருவுக்கு வெளிச்சம் தருவது சட்டப்படி மாநகராட்சியின் பொறுப்பு. பல இடங்களில் கம்பத்தையும் பல்பையும் கவனித்துக்கொள்வது மின்சாரம் வழங்கும் கம்பெனி. குழி? அது மழைநீர் வடிகாலாக இருந்தால், சின்னத் தெருவில், மாநகராட்சியைச் சேர்ந்தது. கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழைகுழியாக இருந்தால் தில்லி ஜல் போர்டுக்குரியது. பெரிய நாலாக்களில் பலவற்றைப் பாசன, வெள்ளத்தடுப்பு இலாகா பார்க்கிறது. இருட்டில் நம் சகோதரிகளை யாராவது பின்தொடர்ந்தால் போலீஸிடம் போகவேண்டும். தில்லிப் போலீஸோ மேயருக்கும் கட்டுப்பட்டதன்று, முதலமைச்சருக்கும் கட்டுப்பட்டதன்று. மத்திய உள்துறைக்குக் கட்டுப்பட்டது. 1991-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தில்லிக்குச் சட்டமன்றம் கொடுத்தபோது போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றையும் மத்திய சர்க்கார் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆக, இருட்டு ஓர் இலாகா, குழி ஓர் இலாகா, பயம் ஓர் இலாகா!

இதில் சிரிப்பதற்கு இடமுண்டு. ஆனால் 2024 ஜூலையை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. அம்மாதம் 22-ஆம் தேதி, தெற்குப் படேல் நகரில் மழைநீர் தேங்கிய தெருவில், இரும்புக் கதவொன்றில் பாய்ந்திருந்த மின்சாரம் தாக்கி, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துவந்த மாணவர் ஒருவர் இறந்தார். ஐந்தே நாட்கள் கழித்து, 27-ஆம் தேதி மாலை, பழைய ராஜேந்திர நகரில் பயிற்சி நிலையம் ஒன்றின் நிலவறைக்குள் தெருவெள்ளம் புகுந்தது. அங்கே நூலகம் நடத்திவந்தார்கள். இரண்டு பெண்களும் ஓர் இளைஞரும் மூழ்கி மாண்டார்கள். அந்த நிலவறைக்குக் கிடைத்திருந்த அனுமதி பொருள்கள் வைப்பதற்கும் வண்டி நிறுத்துவதற்குமே. கட்டடத்தைக் கண்காணிப்பது மாநகராட்சியின் வேலை. வடிகாலைத் தூர்வாருவதும் அவ்வாறே. விபத்துக்குப் பிறகு நிலவறைகளுக்கு மளமளவென்று சீல் வைத்தார்கள். ஆகஸ்டு 2-ஆம் தேதி உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. நம்மவர்களில் பலர் கரோல்பாக்கிலும் ராஜேந்திர நகரிலும் அதுபோன்ற நிலவறைகளில் மாதச் சந்தா கட்டி உட்கார்ந்து படித்தவர்கள். நானும் ஒரு கோடையில் படித்திருக்கிறேன். குளுமையாக இருக்கிறதே என்று மகிழ்ந்தேனேயன்றி, வெளியேறும் வழி எத்தனை என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மாநகராட்சிச் சட்டத்தில் 42-ஆம் பிரிவும் 43-ஆம் பிரிவும் அடுத்தடுத்து இருக்கின்றன. முன்னது கட்டாயமாகச் செய்யவேண்டியவற்றைச் சொல்லுகிறது: வடிகால், குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, ஆபத்தான கட்டடங்களை அகற்றுதல், தொடக்கப் பள்ளி, தெருவுக்குப் பெயரிடுதல் முதலியவை. பின்னது விரும்பினால் செய்யத்தக்கவற்றைச் சொல்லுகிறது: நூலகம், அருங்காட்சியகம், கலைக்கூடம், சாலையோரம் மரம் நடுதல் முதலியவை. வேடிக்கை என்னவென்றால், தெருவுக்குப் பெயர் வைப்பது கடமை. அந்தத் தெருவில் நூலகம் வைப்பது விருப்பம்!

பெயர் வைப்பதில் நமக்குக் குறையொன்றுமில்லை. புதுதில்லியில் சுப்பிரமணிய பாரதி மார்க் இருக்கிறது, காமராஜ் மார்க் இருக்கிறது, ராஜாஜி மார்க் இருக்கிறது, தியாகராஜர் மார்க்கும் இருக்கிறது. 2015-இல் ஔரங்கசீப் சாலை அப்துல் கலாம் சாலையாயிற்று. அது புதுதில்லி நகராட்சி மன்றம் செய்த முடிவு. நூலகத்தின் நிலை வேறு. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு அருகே ஹர்தயாள் நகராட்சிப் பொது நூலகம் உள்ளது. 1912-இல் சாந்தினி சவுக்கில் ஹார்டிஞ்சு பிரபுவின் மீது வெடிகுண்டு வீசப்பட்டதே, அவர் பெயரால் 1916-இல் எழுந்த கட்டடம் அது. பிற்பாடு கதர் இயக்கத்தின் ஹர்தயாள் பெயரைச் சூட்டினார்கள். வைசிராயின் பெயரை எடுத்துவிட்டுப் புரட்சிக்காரரின் பெயரை வைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்த நூலகத்து ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலை செய்வதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. பணமுடை வரும்போது 43-ஆம் பிரிவுதான் முதலில் பட்டினி கிடக்கிறது.

42-ஆம் பிரிவு மட்டும் வயிறார உண்கிறதா? காஜிப்பூருக்குப் போய்ப் பாருங்கள். 1984-இல் தொடங்கிய அந்தக் குப்பைக் கிடங்கு 2002-இலேயே நிரம்பிவிட்டது. அதன் பிறகும் கொட்டிக்கொண்டே போனார்கள். 2017 செப்டம்பர் முதல் தேதி மலையின் ஒரு பகுதி சரிந்து சாலையில் சென்றவர்கள் கால்வாயில் தள்ளப்பட்டு இருவர் இறந்தார்கள். 2019-இல் அதன் உயரம் சுமார் 65 மீட்டர். குதுப்மினார் 73 மீட்டர். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை அதன் பிறகு நடந்து வருகிறது. நகரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 டன் குப்பையைப் புதிதாகத் தருகிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தோண்டுகிறவன் கையும் கொட்டுகிறவன் கையும் பந்தயம் ஓடுகின்றன.

வடிகாலைப் பற்றிச் சொல்லும்போது தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஓரிடம் உண்டு. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே பாராப்புலா நாலா ஓடுகிறது. ஜஹாங்கீர் காலத்துப் பாலத்தின் பெயர் அந்த நாலாவுக்கும் வந்தது. அதன் கரையில் மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பிழைக்கவந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். பெண்கள் ஜங்புரா வீடுகளில் வேலை செய்தார்கள்; குழந்தைகளில் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். நாலா அடைபட்டு மழையில் சுற்றுப்புறம் மூழ்குகிறது, கரையைக் காலி செய்யவேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 ஜூன் முதல் தேதி சுமார் 370 வீடுகளும் இடிக்கப்பட்டன. நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று முதலில் கணக்கிடப்பட்டவை 189 குடும்பங்கள்.

நாலா தூய்மையாக வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. வெள்ளத்தில் மூழ்குகிற வீடுகளிலும் மனிதர்களே இருக்கிறார்கள். ஆயினும் என் மனம் சமாதானம் அடையவில்லை. அரை நூற்றாண்டாகத் தூர்வாருவதற்கு இத்தனை இலாகாக்களாலும் ஒன்றுகூட முடியவில்லை. இடிப்பதற்கு ஒரே காலையில் எல்லாம் ஒன்றுகூடின. வேலைக்குப் போகும் வீடு ஜங்புராவிலும் குடியிருக்கும் வீடு நரேலாவிலும் இருந்தால், விடியலில் எழுந்து மூன்று பேருந்து மாறும் பெண்மணிக்கு அந்த மாற்று வீடு எவ்வளவு உதவும்?

இவற்றையெல்லாம் கண்காணிக்க மாநகராட்சிக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. நகரை 12 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வார்டுக் குழு வைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து ஒவ்வொருவரும், முழு மன்றத்திலிருந்து அறுவருமாக 18 பேர் கொண்டது நிலைக்குழு. பெரிய தொகைக்கான ஒப்பந்தங்களுக்கு நிலைக்குழுவின் சம்மதம் வேண்டும். மேயர் ஓராண்டுதான் பதவியில் இருப்பார். நிர்வாகத்தை நடத்தும் கமிஷனரை நியமிப்பது மத்திய சர்க்கார். ஆகவே கடிவாளம் உண்மையில் நிலைக்குழுவின் கையில் இருக்கிறது. 2022 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நியமன உறுப்பினர்கள் யார், அவர்களை யார் நியமிப்பது என்ற வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை போயின. நிலைக்குழு தலைவரைத் தேர்ந்து வேலை தொடங்கியது 2025 ஜூனில்! ராஜேந்திர நகரில் வெள்ளம் புகுந்த ஆண்டில் அந்தக் குழு இல்லவே இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டுக் கவுன்சிலரைப் பார்க்கப் போனபோது அவர் அன்போடு தேநீர் கொடுத்தார். பிறகு, “உங்கள் வோட்டு எங்கே இருக்கிறது?” என்றார். எனக்குத் திருநெல்வேலியில்; நண்பருக்குக் கும்பகோணத்தில். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிக்கும் மாணவர், சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ ஏதேனும் ஓரிடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளத் தேர்தல் ஆணையம் இடந்தருகிறது. நம் சங்கத்தில் எத்தனை பேர் தில்லியில் பதிந்திருக்கிறோம் என்று ஒரு கூட்டத்தில் கைதூக்கச் சொன்னேன். இருவர் தூக்கினார்கள், அவர்களில் ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தெருவின் அகலம், கம்பத்தின்மேல் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்த எண், குழியின் புகைப்படம் மூன்றையும் சேர்த்து இரண்டாம் முறை எழுதினோம். பதினேழாம் நாள் விளக்கு எரிந்தது. குழி கழிவுநீரைச் சேர்ந்ததா மழைநீரைச் சேர்ந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி அதன்மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, காற்றில் நகராமலிருக்க நான்கு செங்கல்லையும் வைத்திருக்கிறார்.