சோர்ந்த வான்கோழிக் குஞ்சைத் தேற்றுவது எப்படி?



தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, அகரம்தென் பக்கமெல்லாம் நிலம் மனையாக மாறிவிட்டாலும், வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட், இருபது சென்ட் வைத்துக்கொண்டு ரெண்டு மாடு, நாலு ஆடு, கொஞ்சம் கோழி என்று பார்த்து வருகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்துக்கு வான்கோழி நல்ல துணைத் தொழில். கிறிஸ்துமஸ் சமயத்தில் தேடி வந்து வாங்குவார்கள். ஆனால் இதன் குஞ்சு, கோழிக் குஞ்சைவிடப் பல மடங்கு விலை. வாங்கியது 20, பத்தாம் நாள் மிஞ்சியது 12 என்றால் லாபத்துக்கு எங்கே போவது? ஆகவே இன்று, சோர்ந்துபோன குஞ்சைத் தேற்றுவது பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையைப் பெரும்பாலும் பார்க்கிறவர்கள் வீட்டுப் பெண்களும், பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளைகளும்தான். அவங்களையும் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க.

முதல் வாரத்தில் சாகிற குஞ்சுகளில் பல, நோயால் சாவதில்லை. பசியால் சாகின்றன. தட்டு நிறையத் தீனி இருக்கும்போதே பட்டினி! அது எப்படி என்று கேட்கலாம். வான்கோழி முட்டை 28 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ரெண்டு மூன்று நாளைக்கு அதுவே ஆகாரம். அதனால் குஞ்சு ஓடும், கத்தும். நாமும் ‘நல்லா இருக்கு’ என்று விட்டுவிடுவோம். கோழிக் குஞ்சு பொரித்த அன்றே கொத்தப் பழகிவிடும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வை மந்தம், பயம் அதிகம். தட்டு எது, தண்ணீர் எது என்று தெரியாது. மஞ்சள் கரு தீர்ந்ததும், நாலாம் நாள், ஐந்தாம் நாள் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. சாயங்காலம் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, கழுத்துக்கு அடியில் உள்ள இரைப்பையை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்க. மெத்தென்று புடைப்பாக இருந்தால் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் அந்தக் குஞ்சைத் தனியே பிரித்துவிடுங்க. தலை தொங்குகிற வரை காத்திருக்கக் கூடாது.

பிரித்த குஞ்சுக்கு முதலில் செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. குளிர்ந்துபோன குஞ்சுக்குத் தீனி கொடுத்தால் செரிக்காது. ஒரு அட்டைப் பெட்டியில் உமியைப் பரப்பி, அதன்மேல் கோணிச் சாக்கை விரியுங்க. செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் வழுக்கி, ரெண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோகும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரம் 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போது வீடுகளில் உள்ளவை எல்.இ.டி. பல்புகள். அவை வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்போ, குஞ்சுகளுக்கென்று விற்கிற அகச்சிவப்பு பல்போதான் போட வேண்டும். கரண்டு போய்விட்டால் பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்க. மூடிய அறையில் கரி நெருப்பு வைக்காதீங்க. அந்த வாயு குஞ்சையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.

சூடு சரியா என்பதைக் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதாது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. சித்திரை, வைகாசிப் பகலில் பல்பே தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பகலிலும் தேவைப்படும். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஆடி மாதமே குஞ்சு விடுகிறவர்களும் ராத்திரிச் சூட்டை நிறுத்திவிடக் கூடாது.

மழைக்காலத்தில் ஈரம்தான் பெரிய எதிரி. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அவ்வளவு வெள்ளம் வேண்டாம், ஒரு ராத்திரிச் சாரல் அடித்து உமி நனைந்தாலே பலவீனக் குஞ்சு விறைத்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்க. நனைந்த உமியை அன்றைக்கே மாற்றிவிடுங்க.

குஞ்சு சூடேறிக் கண் திறந்ததும் தண்ணீர் காட்டுங்க. வெதுவெதுப்பான தண்ணீரில் அலகின் நுனியை மட்டும் தொட்டு எடுக்கணும், மூக்குத் துளை முழுகக் கூடாது. குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்க. வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

அடுத்து ஆகாரம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை என்ற கணக்கில் முதல் 15 நாள் கொடுப்பது வழக்கம். முட்டையைப் பொடிப்பொடியாக உதிர்த்துத் தீனியோடு கலக்கலாம். பால் கலந்த தண்ணீர் நம்ம வெயிலில் சீக்கிரம் புளிக்கும். நாலு மணிக்கு ஒரு தரம் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவணும்.

ஊட்டினால் மட்டும் போதாது, தானாகத் தின்னக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். தாய்க்கோழி அலகால் தட்டிக் காட்டுவதுபோல, தட்டில் விரல் நுனியால் டொக் டொக்கென்று தட்டுங்க. பளபளக்கும் கோலிக்குண்டுகளைத் தண்ணீர்த் தட்டில் போட்டால் அதைக் கொத்தப்போய் குடிக்கப் பழகும். குஞ்சு தவறி மூழ்காமலும் அது காக்கும். முருங்கைக்கீரையை மிகப் பொடியாக நறுக்கித் தீனிமேல் தூவினால் பச்சை நிறம் பார்த்து வரும். அதே ஈட்டில் நன்றாகத் தின்கிற ஒரு குஞ்சைத் துணைக்கு விட்டால், ஒன்றைப் பார்த்து ஒன்று கொத்தும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளே அழகாகச் செய்துவிடக்கூடிய வேலை.

துணைக்கு நாட்டுக்கோழிக் குஞ்சை விடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கோழியின் குடற்புழு வழியாக வான்கோழிக்குக் கருந்தலை நோய் வரும். கோழிக்கு அது பெரிதாகத் தெரியாது, வான்கோழியைச் சாய்த்துவிடும். இரண்டையும் தனித்தனியே வளர்ப்பதுதான் நல்லது.

வெறும் குருணையும் கம்பும் போட்டு ஒப்பேற்றவும் முடியாது. முதல் நாலு வாரம் தீனியில் 28 சதவீதம் புரதம் வேண்டும். குருணையில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வளர்ச்சி குன்றும், காலும் வலுவிழக்கும்.

கால் விரிந்த குஞ்சுக்கு, முதல் ரெண்டு மூன்று நாளுக்குள் மெல்லிய துணி நாடாவால் இரண்டு காலையும் ஒரு அங்குல இடைவெளி விட்டுத் தளர்வாகக் கட்டுங்க. சில நாளில் நிமிர்ந்துவிட வாய்ப்பு உண்டு. ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடைக்கணும். பிய்த்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும்.

இவ்வளவும் செய்து ரெண்டு நாளில் தேறாத குஞ்சு உண்டு. இரத்தக் கழிச்சல், கழுத்துத் திருகல், கண் வீக்கம், கந்தக மஞ்சள் நிறத்தில் எச்சம் இவற்றைக் கண்டால் கைவைத்தியம் போதாது. கால்நடை மருத்துவரிடம் போங்க. நோய்க் குஞ்சைக் கடைசியாகப் பார்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. செத்ததை ஏரியில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்க. ஒரே நாளில் பல சாய்ந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடணும்.

குஞ்சு வாங்கும்போதே நம்ம பருவநிலைக்கு ஏற்றதாக வாங்குவதும் முக்கியம். நம்ம ஊர்க் கறுப்பு வான்கோழியையும், அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை இனத்தையும் கலந்து உருவாக்கியது நந்தனம் வான்கோழி-1. தாம்பரத்துக்குத் தெற்கே, காட்டாங்கொளத்தூர் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தீனிக் கலவை, தடுப்பூசி இவற்றை அங்கே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் பத்து நாள் தினமும் சாயங்காலம் இரைப்பையைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீங்க. இருபது குஞ்சையும் பார்க்கக் கால் மணி நேரம்தான் ஆகும்.