மேஸ்திரி பெயரில் இரண்டு வீதிகள்!

மதுரையில் ரெயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி வந்துவிடும். எந்நேரமும் ஜனக்கூட்டம்!

யார் இந்தப் பெருமாள் மேஸ்திரி? மன்னரா? மந்திரியா? இரண்டும் இல்லை. மதுரைக் கோட்டையை இடித்த வேலையாட்களுக்கு மேஸ்திரி!

72 கொத்தளங்கள்

மதுரை நகரைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய கோட்டை இருந்தது. 16-ம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டிய கோட்டை அது. 72 கொத்தளங்கள். வெளியே அகழி.

1763-ம் ஆண்டு ஆங்கிலேயர் படையும் நவாபு படையும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டன. உள்ளே இருந்து எதிர்த்தவர் கான்சாகிபு. மறு ஆண்டும் முற்றுகை நடந்தது. கடைசியில் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

சுவர் விழுந்தது

பிறகு சண்டை ஓய்ந்தது. கோட்டைக்கு வேலை இல்லை. ஊரைக் காத்த சுவரே ஊரை நெருக்கியது!

1834 முதல் 1847 வரை மதுரைக்குக் கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். கோட்டையை இடித்து ஊரை விரிவாக்க அவர் முடிவு செய்தார். நில அளவை அதிகாரி மாரட்டும், பெருமாள் மேஸ்திரியும் வேலையை மேற்பார்த்தார்கள். சுவர்கள் விழுந்தன. அகழி தூர்ந்தது. வீதிகள் பிறந்தன.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் கோட்டைச் சுவரை இடிக்க 1857-ல்தான் உத்தரவு பிறந்தது. மதுரை முந்திக்கொண்டது!

ஆளுக்கு இரண்டு

புதிய வீதிகளில் மேற்கும் வடக்கும் பெருமாள் மேஸ்திரி பெயரைப் பெற்றன. கிழக்கும் தெற்கும் மாரட் வீதிகள் ஆயின. வெள்ளைக்கார அதிகாரிக்கு இரண்டு. தமிழ் மேஸ்திரிக்கும் இரண்டு!

கலெக்டருக்கு ஊரார் நன்றியோடு ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அதுதான் விளக்குத்தூண். இன்று அந்தத் தூணைச் சொல்கிறோம்; கலெக்டர் பெயரை யார் சொல்கிறார்கள்? மேஸ்திரியின் பெயரையோ ஆட்டோக்காரர் முதல் தபால்காரர் வரை தினமும் சொல்கிறார்கள்.

கூடையில் மண் சுமந்த ஆணும் பெண்ணும் எத்தனையோ பேர். அவர்கள் பெயரில் வீதி இல்லை. அவர்கள் நிரவிய மண்மேல்தான் நாம் நடக்கிறோம்.

கோட்டையின் ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையம் அருகே இன்னும் நிற்கிறது. அடுத்த முறை மதுரைக்குப் போனால், பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். மேஸ்திரியின் கதையையும் சொல்லுங்கள்!