கையெழுத்து விழாத நாளின் கூலி

கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்குச் சான்று போட நோட்டரி 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. நியூயார்க்கில் நேரில் போடும் சான்றுக்கு 2 டாலர்தான். சான்று போட்டால்தான் அந்தக் காசும் வரும். வீடு வீடாக, ஆஸ்பத்திரி வார்டு வார்டாகக் காரில் போகும் மொபைல் நோட்டரிகளின் பிழைப்பு பயணக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் அதற்குச் சட்ட வரம்பு இல்லை. இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் கிளம்பியவர் வாசலில் நின்று 'இன்னிக்கு வேண்டாம்' என்ற பதிலைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்.

வீட்டுக்கடன் பத்திரங்களுக்குப் போகிறவர்களின் பாடு இன்னும் மோசம். பழைய கடனை அடைத்துப் புதுக்கடன் வாங்கும் ரீஃபைனான்ஸுக்கான பத்திரக் கட்டு ஒன்று நூறு, நூற்றைம்பது பக்கம் வரும்; பெரும்பாலும் இரண்டு பிரதி. லெட்டர் தாளும் லீகல் தாளும் கலந்து வருவதால் இரண்டு டிரே உள்ள லேசர் பிரின்டர் வேண்டும். காகிதம், டோனர், பெட்ரோல் எல்லாம் கைக்காசு. அச்சடித்து முடித்த பிறகு அப்பாயின்ட்மென்ட் கேன்சல் ஆனால், வேலை கொடுத்த இடைத்தரகு நிறுவனம் பிரின்ட் செலவு என்று கொஞ்சம் தரும். சில இடங்களில் அதுவும் கிடையாது. 2021 ஜனவரியில் 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதமாக இறங்கியிருந்தபோது, ஒரு வேலை போனால் இன்னொன்று வந்தது. 2023 அக்டோபரில் வட்டி 7.5 சதவீதத்தைத் தாண்டியபோது ரீஃபைனான்ஸ் வறண்டே போயிருந்தது.

நஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் போடும் ஒரு நிபந்தனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: கடன் பணம் பட்டுவாடா ஆனால்தான் நோட்டரிக்குக் கூலி. தான் சான்று போடும் விவகாரத்தில் நோட்டரிக்கு ஆதாயம் இருக்கக் கூடாது என்ற விதியின் உயிரையே இது எடுத்துவிடுகிறது. குடியிருக்கும் வீட்டின் மீது ரீஃபைனான்ஸ் எடுப்பவர் கையெழுத்திட்ட பிறகும் மூன்று வேலைநாளுக்குள் காரணம் சொல்லாமலே கடனை ரத்து செய்யலாம். 1968-ல் வந்த சட்டம் தந்த உரிமை அது. சனிக்கிழமையும் கணக்கில் சேரும். அந்த உரிமைத் தாளை மேசையில் எடுத்து வைப்பவர் நோட்டரிதான். கடன் ரத்தானால் தன் கூலியும் போய்விடும் என்று தெரிந்தவர், அந்தத் தாளை நிதானமாகக் காட்டுவாரா, மற்ற தாள்களோடு சேர்த்துப் புரட்டிவிடுவாரா?

கூலியை இப்படி முடிவோடு கட்டுவது ஆஸ்பத்திரியில் இன்னும் கொடுமை. அம்மா பவர் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று மகன் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் அந்த அம்மா மருந்து மயக்கத்தில் இருப்பார். எதற்குக் கையெழுத்து என்று கேட்டால் பதில் வராது. நோட்டரி மறுத்துவிட்டுத் திரும்பத்தான் வேண்டும். வந்ததற்கே கூலி என்று முன்பே பேசியிருந்தால் 'முடியாது' என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. சான்று போட்டால்தான் காசு என்றால்? அன்றைய வாடகைக் கவலையோடு நிற்கும் ஒருவரின் தடுமாற்றத்தில் ஒரு வயதான பெண்ணின் வீடே கைமாறிவிடலாம். இந்தப் பயம்தான் என்னை விட மாட்டேன் என்கிறது.

கடன் முறிந்தால் தங்களுக்கும் வரவு இல்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இருக்கலாம். அதற்காக அந்த நஷ்டத்தைக் கடைசி ஆளின் தலையில் கட்டுவது நியாயமாகாது. கூலியைக் கடனோடு முடிச்சுப் போடும் நிபந்தனையை ஒவ்வொரு மாநிலமும் தடை செய்ய வேண்டும்.

தொழிலில் பழுத்தவர்கள் ஃபோனிலேயே பயணக் கட்டணத்தைத் தனியாகச் சொல்லி, மெசேஜில் சம்மதம் வாங்கி, பணத்தையும் ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை மூலம் முன்கூட்டியே பெற்றுக்கொள்கிறார்கள். கிளம்பிய பிறகு ரத்தானால் அது திரும்பாது. சான்றுக் கட்டணம் வேறு. சான்று போடாவிட்டால் அதைத் தொடக் கூடாது. ரசீதிலும் இரண்டையும் பிரித்தே எழுதுகிறார்கள். சான்றுக் கட்டணத்துக்குச் சுயதொழில் வரி இல்லை, பயணக் கட்டணத்துக்கு உண்டு. நிறுவன வேலை என்றால், அச்சடித்த பின் ரத்தானால் எவ்வளவு, வாசல்வரை போன பின் ரத்தானால் எவ்வளவு என்று மெயிலில் எழுதி வாங்கிய பிறகே பிரின்டரைத் தொடுகிறார்கள். பட்டுவாடா நிபந்தனை கண்ணில் பட்டால் வேலையே வேண்டாம் என்றுவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களோ, வேலை கிடைத்தால் போதும் என்று அதற்கும் தலையாட்டிவிடுகிறார்கள்.