'இன்ஃப்ளேமபிள்'னா தீப்பிடிக்காதுனு நினைச்சீங்களா? உயிரைக் காப்பாத்தும் சில இங்கிலீஷ் வார்த்தைகள்!

விருதுநகர்ல இருந்து சிவகாசிக்கு பைக்ல போறீங்க. ஆமத்தூர் பக்கம் முன்னாடி ஒரு பெட்ரோல் டேங்கர். அதன் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. இப்போ சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்?

"கம்ப்ளீட்னா முழுசு, இன்கம்ப்ளீட்னா முழுசு இல்லை. அப்போ இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காததுதானே?" என்று கேட்டால், லாஜிக் சூப்பர்... விடைதான் தப்பு!

பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட வார்த்தைகளைத் தப்பாகப் புரிந்துகொண்டால், போவது மார்க் மட்டுமல்ல. அடிக்கடி குழம்பும் 4 ஜோடிகளைப் பார்ப்போமா?

1. ஃப்ளேமபிள் - இன்ஃப்ளேமபிள்

இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: எளிதில் தீப்பற்றக்கூடியது! 'தீ மூட்டு' என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லில் இருந்து வந்தது இன்ஃப்ளேமபிள். இங்கே 'இன்' என்பது 'இல்லை' அல்ல. இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால், 1920-களிலேயே அமெரிக்காவின் தேசிய தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. நம் நாட்டிலோ 1952-ல் வந்த சட்டத்தின் பெயரே 'இன்ஃப்ளேமபிள் சப்ஸ்டன்சஸ் ஆக்ட்'. அதனால் இரண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கணும். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று போட்டிருப்பார்கள்.

2. டேஞ்சர் - வார்னிங் - காஷன்

தமிழில் எல்லாவற்றையும் 'எச்சரிக்கை' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், பாதுகாப்புப் பலகைகளுக்கான அமெரிக்கத் தர விதிப்படி இவை மூன்று படிகள். 'டேஞ்சர்' என்றால், தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ பெருங்காயமோ நிச்சயம். 'வார்னிங்' என்றால், அதே அளவு பாதிப்பு நேர வாய்ப்பு உண்டு. 'காஷன்' என்றால், சிறிய அல்லது நடுத்தரக் காயம் ஏற்படலாம். அடுத்த முறை மெஷின்ல ஸ்டிக்கரைப் பார்த்தா, எந்த வார்த்தைனு கவனிங்க.

3. ஹசார்ட் - ரிஸ்க்

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் சேர்ந்த பட்டாசு மருந்து ஒரு ஹசார்ட். அதாவது, கேடு விளைவிக்கும் தன்மை அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்பதுதான் ரிஸ்க். ஒரே மருந்துதான்... ஆனால், அளவோடு வைத்து, உராய்வு இல்லாமல் கையாண்டால் ரிஸ்க் குறையும். ஒரே அறையில் மருந்தைக் குவித்து, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்கார வைத்தால் பல மடங்கு எகிறும். "பட்டாசுத் தொழில்னாலே ரிஸ்க்தான், என்ன பண்றது?" என்று சிலர் சொல்வார்கள். ஹசார்டை மாற்ற முடியாமல் போகலாம். ரிஸ்க்கைக் குறைக்க முடியும். விதிகள் இருப்பதே அதற்குத்தான்.

4. ஃபயர் - எக்ஸ்ப்ளோஷன்

தீ படிப்படியாகப் பரவும். வெடிப்பில், கண் இமைக்கும் நேரத்துக்குள் வாயுவும் வெப்பமும் வெளியேறி, சுவரையே பெயர்த்து வீசும். வைக்கோல் போரில் தீப்பிடித்தால் ஊரே குடத்தோடு ஓடும், அது நம் மண்ணின் குணம். ஆனால், பட்டாசு ஆலையில் முதலாவது எந்த நொடியிலும் இரண்டாவதாக மாறும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்தது அதுதான். ஆலையில் தீப்பிடித்ததும் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் பலர் ஓடினார்கள். அடுத்து நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். அன்று உயிரிழந்த 30-க்கும் மேற்பட்டோரில் பலர் அப்படி ஓடி வந்தவர்கள்.

அதனால், புகையைப் பார்த்ததும் மொபைல்ல வீடியோ எடுக்க நெருங்காதீங்க. தள்ளிப் போய், தீயணைப்புத் துறையின் 101-க்கு போன் பண்ணுங்க.

வீட்டில் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போகும் அம்மா, அண்ணன், அக்கா இருந்தால், இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது இந்த வார்த்தைகளைப் பேசிப் பாருங்க. பலகையில் இருக்கும் இங்கிலீஷை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியது, படித்த நாமதானே!