மீனின் வழித்தடம் – 9: பிடிக்கும் உரிமையால் பிழைத்த மீன்

வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் நின்ற இரண்டு அணைகளும் 2011 தொடங்கி 2014க்குள் இடிக்கப்பட்டதைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் குஞ்சு பொரிப்பகங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும். அணை இடிப்பு தொடங்கியதிலிருந்து ஆற்றில் மீன்பிடிக்கத் தடை இருந்தது. 2023 அக்டோபரில் லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் சடங்குக்கும் சொந்த உணவுக்குமாக, அளவு வைத்துக் கோஹோ சால்மனைப் பிடிக்கத் தொடங்கினார்கள். இத்தனை செலவு செய்து மீட்ட மீனை, தலையெடுத்து வரும்போதே பிடிக்கலாமா என்று இயற்கை ஆர்வலர்கள் பலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அது மீட்பின் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறது. மீன் பிடிக்கும் உரிமையை விடாமல் பற்றிக்கொண்ட மக்கள் இருந்ததால்தான் அந்த ஆற்றுக்கு மீன் திரும்பியது.

1855இல் பாயிண்ட் நோ பாயிண்ட் என்ற இடத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் கிளாலம் மக்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட உடன்படிக்கைகளை மாநில அரசு பல பத்தாண்டுகளாக மதிக்கவில்லை. நிஸ்குவாலி ஆற்றில் மீன்பிடித்ததற்காக, நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முறை கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடியினருக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றமும் அதன் சாரத்தை உறுதி செய்தது. அதிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது: ஆற்றில் மீனே இல்லையென்றால் பாதிப் பங்குக்கு என்ன பொருள்? அந்தக் கேள்வி வேறொரு வழக்கானது; சாலைகளுக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்கள் அதன் மையத்துக்கு வந்தன. பல இடங்களில் குழாயின் வாய் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கும். தண்ணீர் அருவியாக விழும். சில இடங்களில் குழாய்க்குள் நீரின் வேகத்தை எதிர்த்து மீனால் நீந்த முடியாது. மேலே நல்ல ஓடை காத்திருக்க, முட்டையிட வந்த மீன் கீழேயே நின்றுவிடும். அந்தக் குழாய்களை மாநில அரசு மாற்றியே ஆக வேண்டும் என்ற உத்தரவு 2018இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைத்தது. அந்த உத்தரவைப் பெற்றுத் தந்தது மீன்பிடி உரிமை. எல்வாவிலும் 1980களில் அணைகளின் உரிமம் பரிசீலனைக்கு வந்தபோது லோயர் எல்வா கிளாலம் பழங்குடி அதில் தலையிட்டு எதிர்த்தது. 1992இல் ஆற்றை மீட்கும் சட்டம் வந்தது.

அப்படியானால் 2011லேயே பிடித்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், கூடாது என்பேன். அதற்குச் சாட்சியாக ஒரு சின்னஞ்சிறு பறவையைக் கூப்பிடுகிறேன். இந்த வாரம் முழுக்க என் மனத்தை விட்டு அது அகலவில்லை. டிப்பர் என்பது அதன் பெயர்; சாம்பல் நிறம், உருண்டை உடல். பாய்ந்தோடும் ஆற்றுக்குள் முங்கி, அடிக்கற்களின் மேல் நடந்து புழுப்பூச்சிகளையும் மீன்முட்டைகளையும் பொறுக்கித் தின்னும். கண் சிமிட்டினால் இமையின் வெள்ளை இறகு பளிச்சென்று தெரியும். சால்மன் தன் எடையில் பெரும்பங்கைக் கடலில் சேர்த்துக்கொண்டு ஆறேறி, முட்டையிட்டுச் சாகிறது. கடல் உணவில் நைட்ரஜனின் கனமான வகை கூடுதலாக இருப்பதால், அது எங்கே போய்ச் சேர்ந்தாலும் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். எல்வாக் கரையில் ஆய்வாளர்கள் டிப்பர்களைப் பிடித்து, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ் அணை போய், சால்மன் மேலே வந்து முட்டையிட்ட சிறிது காலத்திலேயே அந்தக் கடல் அடையாளம் பறவைகளின் உடலில் ஏறியிருந்தது. நூறாண்டாகக் கடலோடு தொடர்பற்றுக் கிடந்த பகுதி அது! சால்மன் கிடைக்கும் இடத்துப் பெட்டைகள் நல்ல உடற்கட்டோடு இருந்தன; ஒரே பருவத்தில் இரண்டாம் முறையும் கூடுகட்டும் வாய்ப்பு அவற்றுக்கு மிகுதி. பிடிபடாமல் ஆற்றில் செத்த மீன் வீணாகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? முதலில் வரும் மீன்களை ஆற்றுக்கே விட வேண்டும். பழங்குடியினரே அதற்கு உடன்பட்டு, தடையைத் திரும்பத் திரும்ப நீட்டித்து, பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்தார்கள்.

பழங்குடியினருக்கு மட்டும் ஏன் முதல் அனுமதி, தூண்டிலோடு வரும் மற்றவர்கள் குடிமக்கள் இல்லையா என்ற ஆட்சேபமும் உண்டு. போல்ட் தீர்ப்பு மற்றவர்களின் பங்கைப் பறிக்கவில்லை; அவர்களுக்கும் பாதியை வைத்தது. அணை கட்டியபோது வாழ்வாதாரத்தை இழந்தவர்கள் முதலில் உண்பதை அநீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடினமான ஆட்சேபம் வேறொன்று. திரும்பி வரும் சினூக் சால்மனில் மிகப் பெரும்பகுதி, அணை போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், பொரிப்பகத்தில் பிறந்ததாகவே இருந்தது. பிறகு மீண்டது ஆறா, பண்ணையா? நான் தரவேண்டிய அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது. அணைகளில் மீன் ஏற வழி வைக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தை மீறிக் கீழ் அணையைக் கட்டியவர்களுக்கு, வழிக்குப் பதிலாக ஒரு பொரிப்பகம் போதும் என்று அன்றைய அதிகாரிகள் சலுகை கொடுத்தார்கள். 1922இல் அதுவும் கைவிடப்பட்டது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன்.